உலை வாயும் ஒற்றைக் காதும்

அத்தியாயம் 9

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்குள் ஒரே குற்றத்தை இரண்டு பேர் தனித்தனியாக வந்து ஒத்துக்கொண்டுவிட்டார்கள்.

முதலில் வந்தவர் பெரிய உலைக்காரர். வருஷக்கணக்காக அனல் பட்டுப் பட்டுப் புருவமே இல்லாமல் போன முகம். தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "முதலாளியோட சிலையை நான்தான் உருக்கினேன். வேற யாருக்கும் இதுல சம்பந்தம் இல்லை. எழுதிக்குங்க" என்றார்.

அவர் எழுந்து போன நாற்காலியின் சூடு ஆறுவதற்குள், சின்ன உலையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் உள்ளே வந்து அதே நாற்காலியில் அமர்ந்தார். "சிலையை உருக்கினது நான்தான். வேற யாரையும் கேட்டுத் தொந்தரவு பண்ணாதீங்க" என்றார். கையோடு கொண்டுவந்திருந்த கைக்குட்டையில் ஒருமுறை முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து நடந்து போய்விட்டார்.

துப்பறிய வந்த இருவரில் இளையவனான நூல் கதவைப் பார்த்தபடியே இருந்தான். துப்பறியும் தொழிலில் அவனுக்கு இது நான்காவது வருஷம். 'நான் இல்லை, நான் இல்லை' என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறான். 'நான்தான், நான்தான்' என்று போட்டி போட்டுக்கொண்டு வந்தவர்களைப் பார்த்ததில்லை.

"அத்தான், இன்னும் அரை மணி நேரம் இங்க உட்கார்ந்தோம்னா டோக்கன் கொடுக்க வேண்டியிருக்கும்" என்றான்.

அத்தான் என்பது ஊசியார். ஒல்லியான உடம்பு, எதையும் குத்திப் பார்க்காமல் விடாத குணம், சட்டைப் பையில் எப்போதும் ஒரு குண்டூசி. ஊர் பார்த்து வைத்த பெயர். நூல் அவருடைய மனைவியின் தம்பி. ஊசி போகிற இடமெல்லாம் பின்னாலேயே போவதால் அவனுக்கும் பெயர் தானாக அமைந்துவிட்டது. மற்றபடி அந்த வேலை அவனுக்கு அக்காவின் சிபாரிசில் கிடைத்தது. சிபாரிசு என்பது மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை. "என் தம்பிக்கு வேலை கொடுக்கலைன்னா ராத்திரி சாப்பாட்டை அவன்கூடப் போய் சாப்பிடுங்க" என்று அக்கா சொன்னாள், அவ்வளவுதான்.

"ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டி. தெரியுமா?" என்றார் ஊசியார்.

"தெரியாதே. ஒருத்தர் போகும்போது இன்னொருத்தர் வந்தாங்க. கதவுல இடிச்சுக்கிட்டாங்க. ஒரு வார்த்தை பேசிக்கலையே."

"பதினோரு நாளா பேச்சு இல்லையாம். டீ கொண்டுவர்ற பொண்ணு சொல்லுச்சு. ஏதோ கல்யாண வீட்ல அவர் நாலு பேர் முன்னாடி, 'என் பொண்டாட்டி வச்சிருக்கிறது உலையா, பொம்மை அடுப்பு'ன்னு சொல்லியிருக்காரு."

"பதினோரு நாள் கம்மி அத்தான். எங்க அக்கா உங்ககிட்ட..."

"வேலையைப் பார்ப்போம்" என்றார் ஊசியார் அவசரமாக.

வேலை இதுதான். கல்லையும் உலோகத்தையும் உருக்குகிற தொழிற்சாலை அது. கல்லில் நார் உரிக்க முடியாது என்று பழமொழி சொன்னவர் அந்தப் பக்கம் வந்திருந்தால் வெட்கப்பட்டுப் போயிருப்பார். அங்கே தினமும் முப்பது டன் கல்லில் நார் உரிக்கிறார்கள். பெரிய உலைக்குள் கல்லைக் கொட்டி, ஆள் பருமனில் மூன்று கரித்தூண்களை இறக்கி மின்சாரத்தைப் பாய்ச்சுவார்கள். ஆயிரம் துணிகளை ஒரே நேரத்தில் கிழிப்பது போல ஒரு சத்தம் கிளம்பும். கல் தேனாக ஒழுகும். ஒழுகுகிற தேனைச் சுழலும் சக்கரங்களில் விட்டால், சிதறிப் பஞ்சாகிவிடும். கட்டடங்களில் சூடு இறங்காமலிருக்கக் கூரையில் வைத்து அடைக்கிற கல்பஞ்சு. சின்ன உலை வேறு கட்டடத்தில் இருந்தது. தண்ணீர்த் தொட்டி அளவுதான். சுற்றிலும் செப்புக் குழாய்ச் சுருள். வெண்கலத்தை உருக்கிக் குழாய் மூடிகள் வார்ப்பார்கள்.

முதலாளிக்கு இந்த வருஷம் ஓர் ஆசை வந்தது. தன்னுடைய சிலையைத் தானே திறந்து வைக்க வேண்டும் என்று. இடமும் அவரே பார்த்தார். உலையில் வேலை செய்கிறவர்கள் வந்து விசிறிக்கடியில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும் ஓய்வறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, சிலைக் கூடம் ஆக்கினார். வெள்ளிக்கிழமை காலை பதினொன்றுக்குத் திறப்பு விழா. செவ்வாய்க்கிழமை காலை சிலை வந்தது. கூடத்தில் பெயிண்ட் காயவில்லை என்று வெளி முற்றத்தில் வைத்தார்கள். புதன்கிழமை காலை சிலை இல்லை.

ஓய்வறை போன கோபத்தில் பெரிய உலைக்காரர் பத்துப் பேர் முன்னால், "அந்தச் சிலை வரட்டும், உருக்கி ஊத்திடறேன்" என்று சொல்லியிருந்தார். அதே வார்த்தையை அவர் மனைவி வேறு பத்துப் பேர் முன்னால் சொல்லியிருந்தார். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியுமா? இருபது பேரும் முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டார்கள். மாலை ஐந்து மணிக்குள் ஊசியார் குற்றவாளியைக் காட்டாவிட்டால், இரண்டு பேரையும் போலீசில் கொடுத்து வேலையை விட்டும் எடுப்பதாக முதலாளி சொல்லியிருந்தார். இருவருக்கும் அங்கே இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்.

"ரெண்டு பேரையும் மறுபடி கூப்பிடு. தனித்தனியா. ஒரே ஒரு கேள்விதான்" என்றார் ஊசியார்.

பெரிய உலைக்காரர் வந்தார்.

"சிலையை உலையில போட்டீங்களே, அது நின்ன சிலையா, உட்கார்ந்த சிலையா?"

அவர் இரண்டு நொடி யோசித்தார். "நின்ன சிலைங்க. கையை இப்படித் தூக்கிக்கிட்டு."

"சரி, போங்க."

மனைவி வந்தார். அதே கேள்வி.

"உட்கார்ந்த சிலை. நாற்காலியோட" என்றார். பிறகு, "கால் மேல கால் போட்டு" என்று சேர்த்துக்கொண்டார்.

அவர் போனதும் நூல் நோட்டைப் புரட்டினான். முதலாளி கொடுத்த விவரம் அதில் இருந்தது. வெண்கலத்தால் ஆன மார்பளவுச் சிலை. தலை, கழுத்து, இரண்டு தோள். அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

"அத்தான், கால் இல்லாத சிலை எப்படி அத்தான் கால் மேல கால் போடும்?"

"சிலையை ரெண்டு பேரும் கண்ணாலகூடப் பார்க்கல. இவர் செஞ்சிருப்பாருன்னு அவங்க நினைக்கிறாங்க. அவங்க செஞ்சிருப்பாங்கன்னு இவர் நினைக்கிறார். பேச்சுவார்த்தை இருந்திருந்தா, 'நீயா செஞ்சே?'ன்னு கேட்டுத் தொலைச்சிருப்பாங்க. இல்லாததால ஆளுக்கு ஆள் பழியைத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டாங்க."

நூல் நோட்டை மூடினான். "பேசாம இருக்கும்போதே இவ்வளவு பாசம்னா, பேசினா என்ன ஆவாங்களோ" என்றான்.

*

வாசலில் காவலாளி ஒரு சின்னத் தகரக் கொட்டகையில் இருந்தார். வருகிறவர் போகிறவர் பெயர் எழுதிய நோட்டை ஊசியார் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நூல் காற்றில் படபடத்த தாள்களின் மேல் வைத்திருந்த பளுவை எடுத்துப் பார்த்தான். உள்ளங்கை அகலம். வெண்கல நிறம். மடிப்பு மடிப்பாக இருந்தது.

"அண்ணே, இது என்ன?"

"அதுவா, கிடந்துச்சு. எடுத்து வச்சேன். பேப்பர் பறக்காம இருக்கும்."

நூல் அதைத் திருப்பினான். மறுபடி திருப்பினான். பிறகு தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"அத்தான். இந்த ஆபீஸ்ல சுவருக்கு மட்டுமில்ல, பேப்பருக்கும் காது இருக்கு."

ஊசியார் நிமிர்ந்தார். அதை வாங்கிப் பார்த்த மாத்திரத்தில் அவர் மூக்கு விடைத்தது. நூல் அந்த மூக்கை நன்றாக அறிவான். அது விடைத்தால் அன்றைக்குச் சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்காது.

"எங்க கிடந்துச்சு?"

காவலாளி வாசல் பக்கம் கையைக் காட்டினார். "செவ்வாய்க்கிழமை சிலையை இறக்கினாங்க இல்லீங்களா. சாக்குல வச்சு நல்லாத் தைச்சிருந்துச்சு. ஆளுங்க கைநழுவி இந்தக் கேட்டுத் தூண்ல இடிச்சிட்டாங்க. சாக்கு ஓரமா கிழிஞ்சு இது உருண்டு வந்துச்சு. நான் என்னமோ ஓட்டுத்துண்டுன்னு நினைச்சேன். சொன்னா என் தலையில விழும்னு சொல்லல."

"சிலையைச் செஞ்சவர் கூட வரலையா?"

"வந்தாரு. முதலாளியோட மச்சான்தானே அவரு. இடிச்ச சத்தம் கேட்டதும் வேனைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாரு. நின்னுகூடப் பார்க்கல."

ஊசியார் பையிலிருந்து குண்டூசியை எடுத்துக் காதின் உடைந்த பக்கத்தைச் சுரண்டினார். வெண்கல நிறம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று இருந்தது.

"மாப்ளே, வெண்கலத்தைத் தூண்ல இடிச்சா என்ன ஆகும்?"

"தூணுக்கு வலிக்கும்."

"நசுங்கும். இப்படிக் காது தனியா பிஞ்சு வராது" என்றார் ஊசியார்.

*

முதலாளி நம்பவில்லை. சாம்பல் பறக்கிற அந்த இடத்தில் எப்படித்தான் வெள்ளைச் சட்டையை வெள்ளையாகவே வைத்திருந்தாரோ, மேஜைக்குப் பின்னால் பளபளவென்று உட்கார்ந்திருந்தார்.

"இது என் காது இல்லை" என்றார்.

ஊசியார் நூலைப் பார்த்தார். நூலுக்குப் புரிந்தது. இந்த மாதிரி வேலைகளெல்லாம் அவன் பங்குதான். மேஜையைச் சுற்றிப் போய், "மன்னிச்சுக்குங்க சார், ஒரு நிமிஷம் அசையாம இருங்க" என்று சொல்லி, கையிலிருந்த காதை முதலாளியின் இடது காதுக்குப் பக்கத்தில் பிடித்தான். மேலே கொஞ்சம் விரிந்து, நடுவில் ஒரு வளைவு வளைந்து, கீழே மணி போலத் தொங்கியது. அளவு ஒன்றரை மடங்கு. மற்றபடி அச்சு அசல்.

"சார் காதுதான் அத்தான். உலகத்துல வேற யாருக்கும் இது அமையாது."

முதலாளி அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். "சரி, என் காதாவே இருக்கட்டும். ஆனா கல்லுன்னு சொல்றீங்களே. என் மச்சானுக்கு நானே எண்பது கிலோ வெண்கலம் கொடுத்தேன். அவன் சொந்த மச்சான். என் பொண்டாட்டியோட கூடப்பிறந்தவன். என்னை ஏமாத்துவானா?"

"மச்சான்களை அப்படி நம்பிடக் கூடாதுங்க" என்றார் ஊசியார், நூலைப் பார்க்காமலே.

"நீங்க சுரண்டினது மேல ஒட்டின தூசியா இருக்கும். உள்ள வெண்கலம்தான்."

ஊசியார் தாடையைத் தடவினார். குண்டூசியை விட நல்ல சாட்சி தேவைப்பட்டது. அந்த நேரத்தில் நூல் தன் சொந்தக் கஷ்டம் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தான்.

"சார், சின்ன உலை எப்படி வேலை செய்யுது? எங்க அக்கா வீட்ல இருக்கிற இண்டக்ஷன் அடுப்பு மாதிரியா?"

"அதே சங்கதிதான். இது பெருசு, அவ்வளவுதான்."

"அதைக் கண்டாலே எனக்குப் பயம். போன மாசம் மண் சட்டியில தண்ணி வச்சு அதுமேல ஏத்திட்டு முக்கால் மணி நேரம் நின்னேன். சுடவே இல்லை. அக்கா வந்து தலையில ஒரு குட்டு வச்சு, 'மண்ணும் கல்லும் அதுல சுடாதுடா, உலோகம்தான்டா சுடும்'னு சொன்னா."

ஊசியார் எழுந்து நின்றுவிட்டார். "உங்க அக்கா உன்னைக் குட்டினது எனக்கு உபயோகப்படுறது இதுதான் முதல் தடவை" என்றார். "வாங்க சார், சின்ன உலைக்குப் போவோம்."

*

செய்தி பரவிப் பெரிய உலைக்காரரும் அங்கே வந்து நின்றார். மனைவியிடமிருந்து சரியாகப் பத்தடி தள்ளி.

சின்ன உலை அம்மாள் புதுசாக ஒரு மூசையை, அந்த வெள்ளைக் களிமண் கிண்ணத்தை, செப்புச் சுருளுக்குள் இறக்கினார். ஊசியார் அதற்குள் காதை வைத்தார்.

"அம்மா, இதை உருக்குங்க."

அம்மாள் பொத்தானை அழுத்தி, கைப்பிடியைக் கடைசி எண் வரை திருப்பினார். மெல்லிய ரீங்காரம் கிளம்பியது. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். காது அப்படியே இருந்தது. விருந்துக்கு வந்து யாரும் கவனிக்காமல் உட்கார்ந்திருக்கிற ஆள் மாதிரி.

அம்மாளின் நெற்றி சுருங்கியது. மின்சாரத்தை நிறுத்தி, இடுக்கியால் காதை வெளியே எடுத்தார். ஒரு கணம் பார்த்தார். பிறகு சட்டென்று அதை நூலின் வெறும் உள்ளங்கையில் போட்டார்.

நூல், கை வெந்தே போய்விட்டது என்று முடிவு செய்து "ஐயோ அம்மா" என்று குதித்தான். மூன்றாவது குதியில்தான் அவனுக்குக் கை சுடவில்லை என்று தெரிந்தது. காது சில்லென்று இருந்தது.

"கல்லு" என்றார் அம்மாள்.

"உலை ரிப்பேரா இருக்கும்" என்றார் முதலாளி.

அதைக் கேட்டதும் அம்மாளின் முகம் சிவந்தது. மூலையில் கிடந்த உடைந்த வெண்கலக் குழாய் மூடியை எடுத்து மூசையில் போட்டுக் கைப்பிடியைத் திருப்பினார். மூடி சிவந்தது, மஞ்சளானது. ஓரம் தொங்கி, உட்கார்ந்து, பளபளவென்று குளமானது. நூல் ஐம்பது வரைக்கும்தான் எண்ணியிருந்தான்.

முதலாளியின் வாய் திறந்தபடி நின்றது. பத்தடி தள்ளி நின்றவர் தொண்டையைக் கனைத்தார்.

"தம்பி, அந்தம்மாகிட்டச் சொல்லுங்க. அது பொம்மை இல்லைன்னு."

"தம்பி, அவர்கிட்டச் சொல்லுங்க. அது எனக்கு இருபத்திரண்டு வருஷமா தெரியும்னு."

நடுவில் நின்ற நூல் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தான். "ரெண்டு பேருக்கும் கேட்டிருக்கும்னு நினைக்கிறேன்" என்றான்.

முதலாளி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மச்சான் வெண்கலத்தை முழுங்கிவிட்டுக் கல்லில் செதுக்கிப் பெயிண்ட் அடித்துக் கொடுத்திருக்கிறான். அது அவருக்குப் புரிந்துவிட்டது. "அப்போ திருடினதும் அவன்தான். திறப்பு விழாவுல நான் கண்டுபிடிச்சிடுவேன்னு பயந்து தூக்கிட்டுப் போயிட்டான். போலீசைக் கூப்பிடுங்க" என்றார்.

"இருங்க சார்" என்றார் ஊசியார். "இவ்வளவு நேரம் எல்லாரும் வெண்கலத்தைத் தேடினோம். இப்பதான் தேட வேண்டியது கல்லுன்னு தெரிஞ்சிருக்கு. இந்தத் தொழிற்சாலை முற்றத்துல ஒரு கல்லு கிடந்தா அது எங்க போகும்?"

*

முற்றம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. வழக்கமாக அங்கே ஆள் உயரத்துக்குக் கல்குவியல் இருக்குமாம். ஒரு கல்கூட இல்லை. நடுவில் ஒரு பெரியவர் இரும்புக் கம்பியை ஊன்றிக்கொண்டு நின்றார். லாரியில் வருகிறதையெல்லாம் தட்டிப் பார்த்துப் பிரிப்பது அவர் வேலை. டங் என்றால் உலோகம், சின்ன உலை. டொக் என்றால் கல், பெரிய உலை. அதனால் ஊரே அவரை டொக்கு என்று கூப்பிட்டது.

"ஐயா, செவ்வாய்க்கிழமை இங்க ஒரு சாக்கு மூட்டை இருந்துச்சா?" என்று கேட்டார் ஊசியார்.

"இருந்துச்சு. குவியல் ஓரமா."

"என்ன பண்ணீங்க?"

"தட்டிப் பார்த்தேன்."

"என்ன கேட்டுச்சு?"

"டொக்."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

"சாக்கைப் பிரிச்சுப் பார்க்கலையா?" என்றான் நூல்.

"எதுக்கு? வெளியூர்க் கல்லு சாக்குலதான் வரும். சாக்கோடதான் கொட்டுவோம். உள்ள போன நொடியில சாக்கு புகையாயிடும்."

"நேத்து எல்லாரையும் விசாரிச்சாங்களே, நீங்க ஏன் சொல்லலை?"

"'வெண்கலச் சிலையைப் பார்த்தியா'ன்னு கேட்டாங்க. பார்க்கலைன்னேன். நான் பார்த்தது சாக்கு." பெரியவர் கம்பியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "மூட்டை எதுக்கு ஓரமா இருக்குன்னு கேக்கலாம்னுதான் நினைச்சேன். சீட்டுல கேக்கக் கூடாதுன்னு போட்டிருந்துச்சு."

"எந்தச் சீட்டு?"

பெரியவர் சட்டைப் பையிலிருந்து எட்டாக மடித்த தாளை எடுத்துக் கொடுத்தார். ஊசியார் அதைப் பிரித்தார், படித்தார், நூலிடம் நீட்டினார். நூல் சத்தமாகப் படித்தான்.

"'விழாவை முன்னிட்டு முற்றம் சுத்தமாக இருக்க வேண்டும். அங்கே கிடக்கும் எல்லாவற்றையும் செவ்வாய் மதியத்துக்குள் உலைக்கு ஏற்றவும். ஒன்றுகூட மிச்சம் இருக்கக் கூடாது. காரணம் கேட்கக் கூடாது.' கீழே கையெழுத்து. அடிக்கோடு ரெண்டு."

கையெழுத்து யாருடையது என்று கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அந்த மாதிரி இரண்டு அடிக்கோடு போடுகிறவர் அங்கே ஒருவர்தான். அவர் வெள்ளைச் சட்டையில் நின்றுகொண்டிருந்தார்.

"குற்றவாளியை அஞ்சு மணிக்குள்ள காட்டணும்னு சொன்னீங்க" என்றார் ஊசியார் பணிவாக. "மணி மூணே கால்தான் ஆகுது."

பெரிய உலைக்காரர் மெதுவாகத் தலையைத் தூக்கினார். "செவ்வாய் மதியம் உலை ஓட்டினது நான்தானே" என்றார். "அப்போ நிஜமாவே நான்தான் உருக்கியிருக்கேனா?"

"ஆமாங்க" என்றான் நூல். "நீங்க கஷ்டப்பட்டுச் சொன்ன பொய், பாவம், உண்மையாப் போச்சு."

முதலாளி நெஞ்சைத் தடவிக்கொண்டார். "உருகிப் பஞ்சாயிடுச்சா? அந்தப் பஞ்சாவது எங்கே? யாருக்கு வித்தோம்?"

பெரிய உலைக்காரர் கீழே பார்த்தார், அம்மாள் மேலே பார்த்தார். கடைசியில் டொக்குதான் சொன்னார். "செவ்வாய் மதியச் சரக்கை வெளிய அனுப்பலைங்க. சிலைக் கூடத்துக்குன்னு நீங்க எடுத்துக்கிட்டீங்க. நேத்துதான் கூரையில வச்சு அடைச்சாங்க."

எல்லோரும் கூடத்துக்குப் போனார்கள். புதுப் பெயிண்ட் மணத்தது. நடுவில் வெறும் பீடம், அதன் மேல் சிவப்புத் துணி. ஓர் ஏணியில் ஏறி நூல் கூரைப் பலகை ஒன்றை நகர்த்தினான். சாம்பல் நிறத்தில் மெத்து மெத்தென்று பஞ்சு அடுக்கியிருந்தது. உறையில் முத்திரை: செவ்வாய், மதியம்.

"இருக்கீங்க சார்" என்று கீழே பார்த்துச் சொன்னான். "நல்லாப் பரவலா இருக்கீங்க."

முதலாளி கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு அக்கம் பக்கம் பார்த்து, ஊசியாரின் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார். வீட்டுக்காரிக்குத் தெரிந்தால் தம்பியை ஏன் சந்தேகப்பட்டாய் என்று அவர் தலையைத்தான் உருட்டுவாள். வெளியே தெரிந்தால், தன் சிலையைத் தானே உருக்கினவன் என்று காலத்துக்கும் சிரிப்பார்கள்.

"சார், இதை அப்படியே காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சிடுங்க" என்றார்.

"அது முடியாதுங்க" என்று ஏணியிலிருந்து குரல் வந்தது. "ஒரு காதுதான் இருக்கு."

ஊசியார் சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார். "முடிச்சிடலாம் சார். ஆனா நாளைக்குப் பதினோரு மணிக்கு ஆளுங்க வந்து உட்கார்ந்திருப்பாங்க. சிலை இல்லாத கூடத்துல எதைத் திறப்பீங்க?"

முதலாளி பீடத்தைப் பார்த்தார். பீடத்துக்குப் பின்னால் சுவரில், பெயிண்ட் பூச்சுக்கு அடியில், பழைய தண்ணீர்க் குழாயின் அடைத்த வாய் தெரிந்தது. அந்தக் குழாயை ஒட்டிச் சின்ன உலை அம்மாளும், பத்தடி தள்ளிப் பெரிய உலைக்காரரும் வியர்வை வழிய நின்றார்கள். அவர் கொஞ்ச நேரம் அவர்களைப் பார்த்தார்.

"நீங்க ரெண்டு பேரும் செய்யாததை ஏன் செஞ்சேன்னு சொன்னீங்க?" என்று கேட்டார்.

இரண்டு பேரும் கல்லுளிமங்கன் மாதிரி நின்றார்கள். முதலாளி பீடத்தின் மேலிருந்த சிவப்புத் துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

*

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் தொழிலாளர் ஓய்வறை திறக்கப்பட்டது. முதலாளி ரிப்பன் வெட்டினார். உழைப்பவர்களுக்கு நிழல் கொடுப்பதே தன் வாழ்நாள் லட்சியம் என்று பேசினார். பேச்சு நடுவில் இரண்டு முறை கூரையை அண்ணாந்து பார்த்தார். நான்கு விசிறி ஓடியது. கூடம் நன்றாகக் குளிர்ந்திருந்தது. பஞ்சு நல்ல பஞ்சு என்று எல்லோரும் சொன்னார்கள். மச்சானிடம் போன வெண்கலத்தில் பாதி, யாரும் கேட்காமலே, காலையில் வேனில் வந்து இறங்கியிருந்தது.

கூட்டம் கலைந்ததும் கடைசி வரிசையில் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். பத்தடி, ஒரு நாற்காலி இடைவெளியாகச் சுருங்கியிருந்தது. நூல், சேதி சொல்ல ஆள் தேவைப்படும் என்று பழக்க தோஷத்தில் பக்கத்தில் போய் நின்றான்.

அம்மாள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. நேரே கணவரைப் பார்த்தார்.

"ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லுங்க. நான்தான் செஞ்சேன்னு நினைச்சு, எனக்காக ஜெயிலுக்குப் போகத் துணிஞ்சீங்களா?"

பெரிய உலைக்காரர் இல்லாத புருவத்தைத் தடவிக்கொண்டார். தரையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றார். "உள்ள ரொம்பக் குளிர்ச்சியா இருக்கும்னு சொன்னாங்க."

அம்மாள் சிரித்த சிரிப்பில், வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஊசியாரே திரும்பிப் பார்த்தார். நூல் சத்தமில்லாமல் நகர்ந்து வெளியே வந்தான்.